தாவாத ராஜா

மீன் கழுவிய கையில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். அறுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதுங்கா செஸ் போட்டிக்குக் கிளம்புமுன் தாராவிக் குழாயடியில் நீ இப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தாய். "ஏல, காயில தோல் நாத்தம் ஒட்டிரக் கூடாதுலா" என்றாய். தோல் பதனிடும் ஷெட்டின் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி வெளுத்த விரல்கள் உனக்கு. எலுமிச்சைக்கெல்லாம் அந்த நாற்றம் போகாது என்று இருவருக்குமே தெரியும்.

அன்று ஜெயித்தால் ஒரு கம்பெனியின் செஸ் அணியில் இடம், கூடவே ஆபீஸில் பியூன் வேலை. தொட்டியிலிருந்து நீ கரையேற அது ஒன்றுதான் வழி. எதிரே உட்கார்ந்தவர் பம்பாயில் பெயர் வாங்கிய ஆட்டக்காரர், பாங்கு அதிகாரி. உன்னைப் பார்த்ததுமே, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்திருப்பார். நீ அவருடைய யானையை வெட்டினாய். மனுஷன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பிறகு அவருடைய ராணி உன் ராஜாவை மிரட்டிக்கொண்டு வந்தது; செக் இன்னும் விழவில்லை. குறுக்கே உன் யானையை வைத்திருந்தால் தீர்ந்தது. நீ ராஜாவைத் தூக்கி, குதிரை மாதிரித் தாவ வைத்தாய். நம் ஊர் ஆட்டத்தில், செக் வாங்காத ராஜாவுக்கு ஒரு தாவல் உண்டு; ஷெட் வாசலில் நாம் தினமும் ஆடியது அதைத்தானே. மாதுங்காவில் அந்தத் தாவல் கிடையாது. தெரிந்துதான் போயிருந்தாய். கை பழக்கத்தில் போய்விட்டது.

நடுவர் கடிகாரத்தை நிறுத்தினார். தொட்ட ராஜாவைத்தான் நகர்த்த வேண்டும் என்றார். அதற்கு இருந்தது ஒரே கட்டம். அங்கே போனால் மேட்.

"நீர் ஜெயிக்க வேண்டிய ஆட்டம் ஓய் இது. ரூல் இப்படி இருக்கே, நான் என்ன பண்றது?" என்றார் பாங்கு அதிகாரி, உன் முகத்தைப் பார்க்காமல். நீ ராஜாவை அந்தக் கட்டத்தில் வைத்தாய்.

வழியெல்லாம் நான் நடுவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். "விடுல. காலைல வேலைக்குப் போவணும்லா" என்றாய். போனாய். அந்தத் தொட்டியடியிலேயே உன் நெஞ்சு கெட்டது.

அதற்குப் பிறகும் நாம் ஆடினோம், நம் ஊர்ச் சட்டப்படிதான். ஆனால் நீ ராஜாவைத் தாவ விடவே இல்லை. "தாவுல, இங்க எவன் கேக்கான்?" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே தோற்பாய். எனக்கு அழுகையாக வரும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆடிய கடைசி ஆட்டம் உன் இருமலில் நின்றுபோனது. நாளைக்கு முடிப்போம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்தக் காய் எங்கே நின்றது என்று இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். உன் ராஜா செக் வாங்கவில்லை. அடுத்து நகர்த்த வேண்டியவன் நீ.

தாவுல.