உப்பில்லாத தண்ணீரில் ஒரு சுறா

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதக் கை கூசுகிறது. மூன்று வருடமாகக் கேட்காத நலத்தை இப்போது எந்த முகத்தோடு கேட்பது? உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்துவிட்டாய் என்றால், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அண்ணிக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடிவதில்லை. அதனால் உன் அறையைப் பெருக்கும் வேலை இப்போது எனக்கு. பெரியவள் பத்தாம் வகுப்பு. கணக்கில் என்னைப் போல, வாயில் அவள் அம்மாவைப் போல. சித்தப்பா எப்போது வருவார் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். இப்போது கேட்பதை விட்டுவிட்டாள். அவள் கேட்டபோது வந்த எரிச்சலைவிட இது அதிகமாக வலிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீரேற்று நிலையத்தில் மோட்டார்களை நிறுத்தி, ஆற்றுத் தண்ணீர் வந்து தேங்கும் பெரிய தொட்டியை வற்றவைத்தார்கள். நீ முங்கி இறங்கிச் சகதி அள்ளிய அதே தொட்டி. இடுப்பளவு தண்ணீர் இருக்கும்போது மூலையில் என்னவோ சுழன்றது. பெரிய கெளுத்தி என்று பம்ப் ஓட்டுபவர் நாக்கில் எச்சில் ஊற வலையோடு இறங்கினார். முதுகுத் துடுப்பைப் பார்த்ததும் ஏணியில் இரண்டிரண்டு படியாக ஏறி வந்துவிட்டார். சுறா, தம்பி. நாலடி நீளம், உயிரோடு.

மீன்வளக் கல்லூரியிலிருந்து ஓர் அம்மா ஆட்களோடு வந்தார். ஈரத்துணி போர்த்தி, அளந்து பார்த்து, காளைச் சுறா, பெண் குட்டி என்றார். மொத்தை மூக்கு, கட்டுமஸ்தான உடம்பு, பெயர் பொருத்தம்தான். நான் விடவில்லை. கடல் எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, இந்தத் தண்ணீரில் உப்பே கிடையாது, தினமும் சோதிப்பவன் நான் என்றேன். அவர் சிரித்தார். “உப்பு தண்ணியில இருந்தாத்தானா சார்? அது தன் உடம்புக்குள்ளயே வெச்சிருக்கு” என்றார்.

நல்ல தண்ணீருக்கு வந்ததும் அதன் உடம்புக்குள் தண்ணீர் ஓயாமல் இறங்குமாம். சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் வெளியே தள்ளுமாம். அதாவது நாள் முழுக்க ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரைத்தான் நான் தினமும் காலையில் சோதனைக் குழாயில் பிடித்து, குலுக்கிப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் சொன்னபோது பெரியவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். சுத்திகரித்த பிறகுதான் ஊருக்கு அனுப்புகிறோம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

இது முட்டையிடும் ஜாதி இல்லை, குட்டி போடுவது. ஆறு கடலில் சேரும் இடத்தில் ஈன்றுவிட்டுத் தாய் திரும்பிவிடும். அங்கே சுற்றும் பெரிய சுறாக்களின் வாயில் விழாமல் குட்டிகள் ஆற்றோடு மேலே ஏறி வந்து சில வருடம் வளருமாம். இது அப்படி வந்து, தண்ணீர் வரும் வாயில் உள்ள தடுப்புக் கம்பி வளைந்திருந்த இடைவெளியில் உள்ளே நுழைந்திருக்கிறது. உள்ளே மீனுக்குப் பஞ்சமில்லை. தின்று பருத்துவிட்டது, வந்த வழியில் வெளியே போக முடியவில்லை. அந்தக் கம்பி வளைந்திருக்கிறது, மாற்றுங்கள் என்று நீ சொன்னாய். யார் காதில் விழுந்தது?

அந்த அம்மா என் கையைப் பிடித்துச் சுறாவின் தோல்மேல் வைத்தார். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்குகிறது. எதிர்ப்பக்கம் தடவினேன். துருவியில் தேய்த்தது போல உள்ளங்கை சிராய்த்து, பொடிப்பொடியாக ரத்தம் கசிந்தது. தம்பி, அந்தச் சிராய்ப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் நீ கடைசியாக அந்தத் தொட்டியில் முங்கிய அன்று, மேலே கயிறு பிடிக்கும் ஆள் விடுப்பு. நான்தான் மேலே நின்றேன். மூன்று முறை கயிறு ஆடியது, தூக்கினேன். உன் இடது கையில் முழங்கைவரை சிராய்ப்பு. “மூக்கால இடிச்சுச்சுண்ணே, உயிருள்ளதுண்ணே” என்று நடுங்கினாய். மரக்கட்டையாக இருக்கும் என்றேன். கண் சிறுத்த மீன் அது, கலங்கல் தண்ணீரில் என்னவென்று தெரியாவிட்டால் இடித்துப் பார்க்குமாம். அப்போது அது இரண்டரை அடிக் குட்டியாக இருந்திருக்கும். உன்னைவிட அது பயந்திருக்கும்.

இனி எழுதப்போவதை மூன்று வருடமாக உன் அண்ணியிடம்கூட நான் சொன்னதில்லை. காயத்தை என் ஆய்வகத்து ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டவன் நான். கொஞ்சம் உன் சட்டையிலும் கொட்டியது. இன்ஜினியர் வந்து மோந்து பார்த்து, “குடிச்சிட்டு இறங்கினானா?” என்று என்னைக் கேட்டார். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொட்டியில் ஆளை இடிக்கும் பிராணி ஏதோ இருக்கிறது என்றால் என் சோதனைக்கு என்ன மரியாதை, தலைமைப் பதவி கைநழுவிப் போகுமே என்று வாயை மூடிக்கொண்டேன். நீ குடித்திருந்ததாக எழுதி அவர் நீட்டிய தாளில் சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். நீ என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாய். உன் வேலை போனது, எனக்கு அந்தப் பதவி வந்தது. அந்த நாற்காலியில் ஒரு நாள்கூட நிம்மதியாக உட்கார்ந்ததில்லை.

உன் அண்ணியிடம் இரண்டு நாள் முன்பு சொல்லிவிட்டேன். “தம்பி சொன்னா பொய், சுறாவே வந்து சொன்னாத்தான் நம்புவீங்களா?” என்றாள். அதற்குப் பிறகு சோறு போடுகிறாள், பேச்சில்லை. நடந்ததை எல்லாம் எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். உன் பெயரில் இருந்த குற்றச்சாட்டை நீக்கிவிட்டார்கள். என்மேல் விசாரணை வரும், வரட்டும். உனக்கு நிச்சயித்து, குடிகாரன் என்று நிறுத்திவிட்டார்களே, அந்தப் பெண் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. அவள் அப்பா குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், வாசல்வரை வந்தார். அதை என்னால் திருப்பித் தர முடியாது.

சுறாவைத் தார்ப்பாயில் தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் விட்டார்கள். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது, பிறகு போய்விட்டது. வளைந்த கம்பியை மாற்றியாகிவிட்டது.

நீ அங்கே துறைமுகத்தில் கப்பல்களுக்கு அடியில் இறங்குகிறாய் என்று கேள்விப்பட்டேன். மேலே கயிறு பிடிப்பவன் உன் சொல்லை நம்புகிறவனாக இருக்கட்டும். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வர வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. திட்டியாவது நாலு வரி எழுது.

கயிற்றை மூன்று முறை இழுத்தால், கேள்வி கேட்காமல் மேலே தூக்க வேண்டும் என்பது நம் ஏற்பாடு. இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதி, அனுப்பத் தைரியமில்லாமல் வைத்திருந்தேன். அவற்றையும் இதோடு சேர்த்து அனுப்புகிறேன். இது மூன்றாவது.

உன்
அண்ணன்