வேட்டைக்காரன் வராத கதை

அன்புக் கண்ணு,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பாட்டியின் துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்த ஓநாயின் கதையைப் பற்றி நேற்று கேட்டாயே. "ரொம்பப் பழைய கதைல, ஓநாய்கிட்ட இருந்து பொண்ணக் காப்பாத்துற வேட்டைக்காரனே இல்லயாம்மா. 'வெளிய போவணும்'னு சொல்லிட்டு அந்தப் பொண்ணே தப்பிச்சு ஓடிடுதாம். நீயும் அப்டித்தான சொல்லுவ? உனக்கு எப்டிம்மா தெரியும்?"

எனக்கு அது தெரியாது. பள்ளிக்கூடத்தில் எனக்கும் வேட்டைக்காரனைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் நான் செய்யூரில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தவள். அந்த வீட்டில் கக்கூஸ் கிடையாது. 'வெளிய போவணும்' என்று சொல்லும் பெண்பிள்ளையை யாரும் தடுக்க மாட்டார்கள். சவுக்குத் தோப்பைத் தாண்டினால் பஸ் வரும்.

உனக்குக் கதை சொன்னபோதெல்லாம் வேட்டைக்காரன் என் வாயில் வரவே இல்லை.

அந்தச் சித்தப்பாதான், உன் செய்யூர் தாத்தா, கண் ஆபரேஷனுக்கு வருகிறார். உன்னோடு தங்கினால், நீ வேலைக்குப் போகும் நேரத்தில் என் பேத்தி கெசியாவுக்குத் துணையாக இருப்பார் என்கிறாய். உன் நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம், கண்ணு.

படூரில் உன் வீடு நான்காவது மாடி. கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கெசியா என்ன சொல்லிவிட்டு ஓடுவாள்?

உன் அம்மா