பின்னறையில் வைத்த பெட்டி

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். அங்கே நீ இருக்கிறாய் என்று அம்மா போனில் கேட்டுச் சொன்னாள், அதனால் சுகமா என்று நான் தனியாகக் கேட்கவில்லை, இருக்கிறவர்களுக்கு அதுவே போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடவும் இல்லை குறையவும் இல்லை. மாடித் தண்ணீர்த் தொட்டி மறுபடி கசிகிறது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டுத் தொட்டியையே மாற்றவேண்டும் என்கிறான், போன தடவையும் இதைத்தான் சொன்னான், நான் சிமெண்ட் பூசினேன், அது இத்தனை நாள் தாங்கியது, இந்தத் தடவையும் பூசுவேன். எனக்கு வலது கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாயிற்று. நடந்ததைச் சொல்ல அந்தப் பல்லில்தான் தொடங்கவேண்டும், ஆனால் அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லவேண்டிய வேறு சில இருக்கின்றன, அவற்றைச் சொல்லாமல் நான் மேலே போகமாட்டேன்.

பூமி ஆடுவதை அளக்கிற உங்கள் ஆபீஸ் பெட்டியை நம் வீட்டுப் பின்னறையில் வைக்கலாமா என்று கேட்டு நீ எழுதியதற்கு நான் பதில் போடவில்லை. பதில் போடாததே பதில் என்று உனக்குத் தெரியாமலா இருக்கும், என் மகள்தானே. அப்படியும் ஒருவரை அனுப்பிவைத்தாய். வழுக்கைத் தலை, தோளில் ஒரு பை, கையில் அலுமினியப் பெட்டி. அம்மா அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டாள். வாசல் கதவைத் திறக்காமலே பேசி அனுப்பினேன். போகும்போது அவர், பாறைமேல கட்டின வீடு, பின்னால ரோடும் இல்ல, இந்த மாதிரி சத்தமில்லாத ரூம் தேடினாலும் கிடைக்காதுங்கய்யா, என்றார். சத்தமில்லாத அறைதான். சின்னவன் அங்கே குறட்டை விட்டுக்கொண்டும், பாட்டை அலறவிட்டுக்கொண்டும், குளித்த ஈரக்காலோடு நடந்துகொண்டும் இருந்தவரை அது அப்படி இல்லை. உங்கள் பெட்டிக்குத் தகுந்த அறை எப்படி உண்டாயிற்று என்று அவருக்குத் தெரியாது, அதனால் அவரைத் திட்டவில்லை. உள்ளே வந்ததும் அம்மா என்னைத் திட்டினாள். வைக்கட்டுமே, அந்த ரூம்ல ஏதாவது ஒண்ணு ஓடிக்கிட்டாவது இருக்கும், என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பேசாம இருக்கறதுக்குன்னு ஒரு பட்டம் குடுத்தா வீட்டுல சுவரே தெரியாம மாட்டி வச்சிருப்பீங்க, என்றாள். 

உன் தம்பி போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அவனை எடுத்துப்போன மறுநாள் அடுப்படியில் நின்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. உங்கள் ஆபீஸ் திரையில் ஒரு கோடு வந்தது, பூமியின் நடுவாகப் புகுந்து வந்த கோடு, அத்தனை சுத்தமாக ஒன்று நீ பார்த்ததேயில்லை, கை தட்டி எல்லோரையும் கூப்பிட்டாய், யாரோ காபி வாங்கி வந்தார்கள், அதற்குப் பிறகுதான் எந்த ஊர் ஆடியது என்று பார்த்தாய், நம் ஊர். அழுதுகொண்டேதான் சொன்னாய். அம்மா உன்னைப் பிடித்துக்கொண்டாள். நான் வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து உன்னோடு போனில் பேசவில்லை. நீ விட்டுப்போன கல்லூரிப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். புரியாத இடத்தைத் தாண்டிப் போகவில்லை, புரிகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன், எனக்கு வேறு என்ன வேலை. பூமிக்கு நடுவில் கெட்டியான இரும்பு உருண்டை, அதைச் சுற்றி உருகின இரும்பு, அதற்கு மேல் பாறை, இதெல்லாம் யாரும் தோண்டிப் பார்த்ததில்லை, அலை போகிற வேகத்தையும் அது வளைகிற வளைவையும் வைத்துக் கண்டுபிடித்தது, குறுக்கே ஆட்டுகிற அலை உருகினதற்குள் புகாமல் நின்றுவிடும், நெருக்கித் தள்ளுகிற அலை மட்டும் புகுந்து போகும், இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும். நம் ஊருக்குக் கீழே நேராக ஒரு ஊசியை இறக்கினால் உன் ஊருக்குப் பக்கத்துக் கடலில் போய் வெளியே வரும் என்பதும் தெரியும். அந்த வழியில் அலை போய்ச்சேர இருபது நிமிஷம் ஆகும் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் நீ கை தட்டும்போது, சின்னவன் வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடையின் மேல்மாடி அவன்மேல் விழுந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. இதைக் கணக்குப் போடாமல் இருந்திருக்கலாம். போட்டுவிட்டேன். எங்களுக்கு வந்தது ஆழத்துக்குப் போன அலைப்பா, கட்டடத்தை அடித்தது மேலோடு போன அலை, இரண்டும் வேறு வேறு, என்று நீ ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாய். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஒன்று இங்கே சுவரைத் தள்ளியது, ஒன்று அங்கே வந்து உனக்குப் படம் காட்டியது.

படம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் ஆளைத் தள்ளிக்கொண்டு போய்ப் படுக்கவைத்து, அசையாதீங்க, மூச்சைப் புடிங்க, என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவன் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற டாக்டர்கள் சில நாள் ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள், இங்க வந்து பாருங்க, படம் எவ்வளவு அருமையா விழுந்திருக்கு, என்பார்கள். அருமையாக விழுந்திருப்பது கட்டி. அதை வயிற்றில் வைத்திருக்கிறவர் நாலடி தள்ளிக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஒரு தடவை நான், ஆளை இறக்கின பிறகு அதைச் சொல்லுங்க, என்று சொன்னேன். அதற்காக என்னைக் கொஞ்ச நாள் சலவைத் துணிப் பிரிவுக்கு மாற்றினார்கள். திரும்பி வந்த பிறகும் அதையேதான் சொன்னேன், அவர்களும் அதையேதான் சொன்னார்கள். அந்த டாக்டர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் மகளும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள் என்பதை ஏற்க முடியவில்லை. எங்கள் மெஷினிலாவது கதிரை நாங்களே அனுப்பினோம். உங்களுக்கு அந்த வசதி இல்லை, பூமி எங்காவது தானாக முறியவேண்டும், அதுவரை காத்திருக்கவேண்டும். காத்துக்கொண்டே இருக்கிறவர்களுக்கு அது வரும்போது சந்தோஷம் வராமல் போகுமா. இது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததனால் ஒன்றும் மாறவில்லை.

இப்போது பல். போன வியாழக்கிழமை காலையில் பிடுங்கப் போனேன். நான் தெருமுனை திரும்பினதும் அம்மா பெட்டிக்காரருக்குப் போன் போட்டிருக்கிறாள். அவர் பல்லு புடுங்கப் போயிருக்காரு, வர்றதுக்குள்ள வச்சிட்டுப் போயிடுங்க, என்றாளாம். இருவரும் முன்பே பேசிவைத்திருக்கிறார்கள், இவ்வளவு கள்ளத்தனம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் ஊசி போட்டு மரத்துப்போன தாடையும் வாய் நிறையப் பஞ்சுமாகத் திரும்பி வந்தபோது பின்னறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலை ஓரமாகத் தள்ளித் தரையில் வட்டமாக ஒரு டப்பாவை ஒட்டியிருந்தார், அதிலிருந்து ஒரு ஒயர் நடையில் வைத்திருந்த லேப்டாப்புக்கு வந்தது, அதன் எதிரே அவர் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கத்தினேன். பஞ்சுக்குள்ளிருந்து என்ன வந்திருக்கும், அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. அம்மா அவரிடம், இவரு கத்தறது உங்க பெட்டியில விழுமா, என்று கேட்டாள். விழும்மா, ஆனா கீழ இருந்து வர்றது நேரா மேல தூக்கும், இது பக்கவாட்டுல வருது, ஐயாதான்னு தெரிஞ்சிடும், என்றார் அவர். சொல்லிக்கொண்டே கையை உயர்த்தினார். ஐயா, ஒரு நிமிஷம் அசையாதீங்க, என்றார். வாழ்நாளெல்லாம் நான் ஊருக்குச் சொன்ன வார்த்தை, கால் தானாக நின்றுவிட்டது. திரையில் நேராக ஓடிக்கொண்டிருந்த கோடு லேசாக நடுங்கியது, பிறகு எழுந்தது, இறங்கியது, மறுபடி எழுந்தது. எங்கள் காலடியில் ஒன்றும் தெரியவில்லை. மேசைமேல் இருந்த தண்ணீர்கூட அசையவில்லை. கோடு மட்டும் அத்தனை தெளிவாக, ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. நான் குனிந்து பார்த்தேன். பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நல்லா விழுந்திருக்கே, என்று சொன்னேன்.

அம்மாதான் எந்த ஊர் என்று கேட்டாள். நான் கேட்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டிக்காரர் போனில் தேடிவிட்டு உன் ஊர்ப் பெயரைச் சொன்னார். அம்மா அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டாள். உனக்கு அவள் போன் போட்டாள், அவர் போட்டார், லைன் போகவில்லை. திரையில் கோடு அடங்கிப் பழையபடி நேராகிவிட்டது. எனக்குப் பயம் வரவில்லை, கண்ணில் தண்ணீர் வரவில்லை, கையில் பஞ்சு இருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அதைப் போட ஒரு இடம் தேடவேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். பிறகு நீயே கூப்பிட்டாய். கடலுக்குள்ளதாம்மா, யாருக்கும் ஒண்ணும் இல்ல, எனக்கு ரெண்டு தட்டுதான் உடைஞ்சது, என்று நீ சொன்னது எனக்கும் கேட்டது. அப்பா இருக்காரா, என்று கேட்டாய். பல்லு புடுங்கியிருக்கு, பேச முடியல, என்று அம்மா சொன்னாள். அது பொய். பேச முடிந்தது, சற்று முன்னால் பேசியிருந்தேனே. நான் என்ன பேசினேன் என்று அவள் உன்னிடம் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டாள், நான்தான் சொல்லவேண்டும், அதனால் எழுதுகிறேன். நான் அந்த வார்த்தையைச் சொன்னபோது அங்கே எல்லாம் முடிந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது, நீ இருக்கிறாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இதனால் நீ செய்தது சரி என்று ஆகிவிட்டதாக நினைக்காதே. நான் செய்ததும் சரியில்லை. ஒன்றை ஒன்றில் கழித்துவிட இது கணக்கு இல்லை. மன்னித்தேன் என்று எழுதினால் பொய்யாக இருக்கும், மன்னித்துவிடு என்று எழுதவும் கை வரவில்லை. தாடையின் மரமரப்பு அன்று சாயங்காலமே போய்விட்டது. மற்றது அப்படியேதான் இருக்கிறது.

பெட்டி இருக்கட்டும். பெட்டிக்காரரிடம் ஒரு நிபந்தனை போட்டேன், உன்னிடமும் போடுகிறேன். கோடு வந்தால் முதலில் ஊர் எது என்று கேட்கவேண்டும், அங்கே ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கவேண்டும், அதற்குப் பிறகு எத்தனை நாள் வேண்டுமானாலும் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள், உருண்டையை அளந்துகொள்ளுங்கள். அவர், நான் கேக்கறேங்கய்யா, மத்தவங்களை என்னால சொல்ல முடியாது, என்றார். உண்மையைச் சொன்னதனால் அவருக்குத் தேநீர் போடச் சொன்னேன். அந்த அறையில் யாரும் நடமாடக்கூடாதாம், சாமான் எதுவும் ஆடக்கூடாதாம். அதனால் நேற்று நானும் அம்மாவும் சின்னவனுடைய சட்டைகளை எடுத்து எங்கள் பீரோவில் வைத்தோம். அவன் கடையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த காலிக் கண்ணாடிக் கூடுகள் கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கு நிறைய இருந்தன, அவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை, மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். கட்டிலை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்து கூடத்தில் போட்டோம். வாசற்படியில் இடித்து ஒரு கால் கொஞ்சம் ஆடுகிறது, ஆப்பு வைத்து அடிக்கவேண்டும். அம்மா இரண்டு முறை உட்கார்ந்து பார்த்தாள். எழுந்துவிட்டாள். அதில் இன்னும் யாரும் படுக்கவில்லை.

நீ ஒன்று செய், உன் படுக்கைக்குத் தலைமாட்டில் கனமான அலமாரி இருக்கிறது என்று அம்மா சொல்கிறாள், ஊரெல்லாம் ஆடுவதை அளக்கிறவள் அதை அங்கே வைத்துக்கொண்டு எப்படித் தூங்குகிறாய், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எடுத்து வேறு இடத்தில் வை, சுவரோடு சேர்த்துத் திருகாணி போடு. உடைந்த தட்டுகளுக்குப் பதில் வேறு வாங்கிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு ஆயுசு கெட்டியாக இருக்கவேண்டும், எங்களுக்கு மிச்சம் நீ ஒருத்திதான். விடுமுறை எப்போது என்று அம்மா கேட்கச் சொன்னாள். வந்தால் பின்னறை இல்லை, கூடத்துக் கட்டிலில்தான் படுக்கவேண்டும், காலை சீக்கிரம் நான் வாசல் கதவைத் திறக்கும்போது சத்தம் வரும், அதைக் குறை சொல்லக்கூடாது. எந்தத் தேதி என்று எழுதினால் அதற்குள் அந்தக் காலுக்கு ஆப்பு அடித்துவைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா