சித்தி தேய்த்த தகடுகள்

வியாழன். தீபாவளிக்கு முதல் நாள்.

பாசி பிடிக்காது என்று நம்பி ஆய்வுகூடத்தில் நானே செய்த பூச்சு. அதைப் பூசிய பிளாஸ்டிக் தகடுகளை ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் சித்தியின் லயத்து வீட்டுச் சுவரில் மழைக்காலம் முழுக்க மாட்டி வைத்திருந்தேன். இன்று கழற்றப் போனால் எல்லாம் பளிச்சென்று இருந்தன. கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டேன்.

“பச்சையா கெடந்துச்சு தம்பி. பண்டிகைக்குச் செவுரு கழுவுறப்ப அதையும் தேங்கா நார் போட்டுத் தேய்ச்சிட்டேன்” என்றார் சித்தி.

பரிசோதனையையே கெடுத்துவிட்டீர்கள் என்று கத்தினேன். அவர் முறுக்கைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. பூச்சு வேலை செய்திருந்தால் சித்திக்குத் தேய்க்க என்ன இருந்திருக்கும்?

பேராசிரியர் கேட்டால், சித்தி தேய்த்துவிட்டார் என்றுதான் சொல்லப்போகிறேன். அது பொய்யும் இல்லை.