ஆணியில் தொங்கும் சட்டை

கோவளம்
மார்ச், 1977

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

துபாயிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் வந்தது. கூரை ஓடு, மாமியின் முழங்கால், சினை ஆடு என்று எல்லாவற்றையும் விசாரித்திருந்தீர்கள். நம் ஜஹனாராவைப் பற்றி மட்டும் கேட்க விட்டுவிட்டீர்கள். வேலை அவசரமாக இருக்கும். நானே சொல்கிறேன்.

அவளுக்கு மூன்று வயது முடியப்போகிறது, இன்னும் நிற்கவில்லை. கால் வலுக்கும் என்று மாமி கடலோர ஈரமணலில் குழி பறித்து, இடுப்புவரை மணல் மூடி அவளை நிற்கவைத்துப் பார்த்தார். உள்ளே நிற்கும்வரை சிரித்தாள். வெளியே எடுத்ததும் துவண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"டவுன் சிண்ட்ரோம் கொழந்தைங்களுக்குத் தசை தொளதொளன்னுதாம்மா இருக்கும். லேட்டாவும், ஆனா நடப்பா" என்று செங்கல்பட்டு டாக்டர், நாம் அவளை முதலில் காட்டிய அன்றே சொன்னார். நீங்கள் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டீர்கள். கேட்டிருக்க மாட்டீர்கள்.

நேற்று, கதவோரம் ஆணியில் தொங்கும் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவளாகவே எழுந்து நின்றாள். என் முந்தானையை நீட்டினால் தள்ளிவிடுகிறாள். அந்தச் சட்டைதான் வேண்டும்.

"தொவைக்காம இன்னாத்துக்கு இத மாட்டி வெச்சிகினு கீற?" என்று மாமி கேட்டார்.

அவள் இழுத்து இழுத்துத் தோள் தையல் விட்டுக்கொண்டே வருகிறது. அது கிழிவதற்குள் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா