பதினாலு பேர் பேசிய பாஷை

அன்புள்ள சின்னவளுக்கு, என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது கூடத்தில் இருந்தவர்கள் உன் அண்ணன், அண்ணி, கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அண்ணியின் தம்பி, மாடி வீட்டு டெய்லர், நான். ஆபீசில் பழைய ஆள் ரிட்டயர் ஆகிறார், அவர் எழுதிவைத்த புரோகிராம் பாஷை உலகத்திலேயே கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும், கற்றுக்கொண்டால் அந்த வேலை உனக்கு, ஆனால் இன்னும் இரண்டு வருஷம் அந்தக் குளிர் ஊரிலேயே இருக்க வேண்டும், அடுத்த மாசத்துக்குள் பதில் சொல்லணும், கற்கலாமா என்று கேட்டாய். அண்ணியின் தம்பி, "யாருக்குமே தெரியாததக் கத்துக்கிட்டு சுவத்துக்கிட்டயா பேசப் போறீங்க அக்கா?" என்றான். டெய்லர், "என்னக் கேட்டா வேணாம்மா" என்றார், அவரை யாரும் கேட்கவே இல்லை. உன் அண்ணன் சிரித்துக்கொண்டே, "அம்மாவக் கேளு, அவங்கதான் பதினாலு பேர் பாஷை படிச்ச மேதை" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இப்போது சொல்கிறேன். நான் வேலை பார்த்த மில்லில் தறி ஓடினால் காதோடு கத்தினாலும் கேட்காது, அதனால் நாங்கள் பதினாலு பெண்களும் கையால்தான் பேசுவோம். ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதக்கும், அதற்குள் கைகள் மட்டும் நீந்தும். மில் கேட்டைத் தாண்டினால் அந்தப் பாஷைக்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஆனால் நான் கையைத் தூக்கினால் அந்தக் கோடியிலிருந்து ஒரு கை எழும், எழாத நாளே இல்லை. நாலு வயதில் உனக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து ஒரு மாதம் பேசக்கூடாது என்றார்களே, அப்போது நீயும் நானும் பேசியது அதில்தான். அதனால் எத்தனை பேர் என்று எண்ணாதே. அந்தக் கொஞ்சம் பேருக்கு இன்றைக்கே ஒரு சந்தேகம் எழுதிக் கேள். யாராவது பதில் போட்டால் கற்றுக்கொள், ஒருத்தரும் போடாவிட்டால் விட்டுவிட்டு வீட்டுக்கு வா. இரண்டாவதுதான் எனக்கு ஆசை, அதற்காக மாற்றிச் சொல்ல மாட்டேன்.

நேற்று மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். அதே தறிக்கூடம், சத்தமே இல்லை, பஞ்சு பறக்கிறது. கடைசித் தறியில் நீ நின்றுகொண்டு எனக்குத் தெரியாத ஏதோ சைகை காட்டுகிறாய். புரியாமலே சந்தோஷமாக இருந்தது, நானும் கையைத் தூக்கினேன். விழித்துப் பார்த்தால் கை நிஜமாகவே தூக்கியபடி இருந்தது.

எடுத்த காரியம் உன் கைக்கு வரட்டும், நன்றாக இரு. குளிரில் காதை மூடிக்கொள், மறக்காதே.

உன் அம்மா

தாளில் இடம் மிச்சமிருக்கிறது. உன் அண்ணன் அஞ்சாம் வகுப்பு படித்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட வாசலில் தூரத்திலிருந்து சாப்பிட்டாயா என்று கையால் கேட்டேன். சிநேகிதர்கள் பார்க்கிறார்கள் என்று ஓடி வந்து என் கையைப் பிடித்துக் கீழே அமுக்கினான். டெய்லரைக்கூட மன்னித்துவிட்டேன். இவனுக்குத் தினமும் சோறு போடுவேன், மன்னிக்க மட்டும் மாட்டேன்.