மூத்தாளின் மூன்றாவது புல்லி

அன்பு மகளுக்கு, அப்பா வாயால் சொல்ல அம்மா கையால் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், கொட்டகையில் இருக்கும் மூத்தாளும் நேற்றிலிருந்து சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன், அவருடைய இருமல் நின்றதா என்று எழுது. மூத்தாள் யார் என்று அவர் கேட்டால் நீயே சொல்லிவிடு, நம் புல் வெட்டும் டிராக்டர்தான், தனக்கு ஒரு வருஷம் முன்னாலேயே இந்த வீட்டுக்கு வந்துவிட்டது என்று உன் அம்மா வைத்த பெயர், இன்றைக்கும் நான் சாப்பாட்டுக்குத் தாமதமாக வந்தால் ஏன் மூத்தாள் விடலையா என்றுதான் கேட்கிறாள்.

இப்போது பந்தயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசும்போது அம்மா ஜன்னலோரம் நின்றாள், நான் வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்தேன். அது என்னம்மா கழுத்தை நெரிக்கிற மாதிரி ஒரு கத்தல் என்று நீ கேட்டாயாம். நான் உள்ளே வந்து போனை வாங்கி, ஒரு சத்தமும் இல்லை, வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுது என்றேன். அப்படின்னா வண்டி மட்டுமில்ல, உங்க காதும் போயிடுச்சு, டாக்டர்கிட்ட போங்கப்பா என்றாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டியில் ஒரு பேரிங்காவது தேய்ந்திருந்தால் நான் காது டாக்டரிடம் போகிறேன், இல்லையென்றால் இனி என் காதைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது என்று பந்தயம் கட்டினேன், நீயும் சரி என்றாய். உன் அம்மா சாட்சி.

புதன்கிழமை காலையிலேயே கொட்டகையில் உட்கார்ந்துவிட்டேன். வண்டி தெரியாமல் கிளம்பிவிடாதபடி முதலில் பிளக் வயரைப் பிடுங்கிவிட்டேன், நீ பயப்படாதே. பெல்ட் எந்தப் புல்லியில், அதாவது நடுவில் பேரிங் வைத்த சக்கரத்தில், எப்படி வளைந்து போகிறது என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக்கொண்டேன், படிக்கத் தெரிந்தவன் புத்தகத்தைப் பார்ப்பான், எனக்குத் தரைதான் புத்தகம். அப்புறம் பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியாகச் சுண்டிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனியைப் போல்ட்டில் வைத்து அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். நாற்பது வருஷமாக நான் பார்க்கும் சோதனை அதுதான். மூன்று புல்லியிலும் சின்ன முனகல்கூட இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நானே போய் அம்மாவிடம் டீ போடச் சொல்லி, கால் மேல் கால் போட்டுக் குடித்தேன். குடிங்க குடிங்க, மூத்தாள் சர்டிபிகேட் கொடுத்துட்டா இல்ல என்றாள்.

திரும்பப் போய்ப் பெல்ட்டை மாட்டும்போதுதான், மூன்றாவது புல்லியை மெதுவாகக் கையால் திருப்பினேன். சோற்றில் கல் கடிபடுவது போல விரலுக்குள் நறநறவென்று ஏதோ உருண்டது. ஆட்டிப் பார்த்தால் ஆடுகிறது. மறுபடி ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்தேன், ஒன்றுமே இல்லை. அம்மா சமையலறையில் இருந்தாள், யாரும் பார்க்கவில்லை, போல்ட்டை முடுக்கிவிட்டிருந்தால் பந்தயம் என் பக்கம்தான். சொன்னால் நம்பமாட்டாய், அந்தப் புல்லியை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தையற்காரர் நான் வண்டியை எடுத்தாலே படபடவென்று ஜன்னலைச் சாத்துவார், தூசிக்குப் பயப்படுகிறார் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அது ஞாபகம் வந்தது. கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டு, விரலைப் பிடித்துப் புல்லியில் வைத்தேன். அவள் கேலி செய்வாள் என்று பார்த்தேன். அவளோ என் தோளில் இருந்த துண்டை எடுத்து என் நெற்றியில் இருந்த கிரீஸைத் துடைத்துவிட்டாள்.

அந்தப் புல்லியின் பழைய பேரிங்கைக் கழற்றித் துணியில் முடிந்து கடைக்குக் கொண்டுபோனேன். அதில் நம்பர் அழிந்துபோயிருக்கிறது, எனக்கு அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கடைக்காரர் வாங்கிச் சுழற்றிப் பார்த்து, பெரியவரே இதை எந்தக் கிணத்துல இருந்து எடுத்தீங்க என்றார். அந்தப் பேரிங்கை நான் போட்டது உன் முதல் பல் விழுந்த வாரம், வியாழக்கிழமை, நீ அந்தப் பல்லை என் போல்ட் டப்பாவில் போட்டு மறைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடவிட்டாயே, அதே வாரம். இத்தனை வருஷம் உழைத்ததற்கு அதைக் குறை சொல்ல முடியாது. ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போகும் என்று மூன்றும் புதிதாக வாங்கினேன், இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டது. உள் வளையத்தில் அடித்தால் புதுசும் கெட்டுப்போகும், அதனால் வெளி வளையத்தின் மேல் பழைய பேரிங்கையே வைத்து, வைஸ் பிடியில் கொடுத்து மெதுவாக இறுக்கி உட்காரவைத்தேன்.

நேற்று வண்டியைக் கிளப்பினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முந்தியும் நேற்றும் ஒரே மாதிரிதான் கேட்டது. சத்தம் நின்றது உன் அம்மா முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. தையற்காரரும் சாத்திய ஜன்னலைத் திறந்து, என்ன வண்டியை வித்துட்டீங்களா என்று கேட்டாராம், அதையும் அம்மாதான் சொன்னாள்.

பந்தயம் உனக்கு. வருகிற வியாழக்கிழமை பத்து மணிக்கு டாக்டரிடம் சொல்லிவைத்தாயிற்று, அம்மாவும் கூட வருகிறாள், அவள் கேள்விக்கு நான் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்ததெல்லாம் எத்தனை, நிஜமாகக் கேட்காதது எத்தனை என்று டாக்டரிடம் பிரித்துக் கேட்கப்போகிறாளாம். இதுவரை எழுதியதைப் படித்துக்காட்டு என்றேன், தையற்காரர் வீட்டுக்கும் சேர்த்துப் படித்தாள்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் சேர்ந்து நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்து வலிக்குத் தலையணையை மாற்று. நீ போனில் கத்திக் கத்திப் பேசுவது அந்த ஊர்ப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் மகளே. வியாழக்கிழமைக்கு அப்புறம் கூப்பிடும்போது மெதுவாகப் பேசு, உன் குரல் எப்படி இருக்கும் என்று ஒருதரம் கேட்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கீழே இருப்பது கிரீஸ் கறை இல்லை, அவருடைய கட்டைவிரல் ரேகைதான். கழுவச் சொன்னேன், கேட்கவில்லை. அம்மா)